மோட்டார்ஹோம் வாங்கும்போது வாசலைப் பார்க்காதீர்கள், கழிப்பறையைப் பாருங்கள்

நடமாட்டம் குறைந்த ஒருவருக்காக மோட்டார்ஹோம், அதாவது கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள ஓடும் வீடு, தேடும் குடும்பம் முதலில் கேட்பது, "இதில் லிஃப்ட் பொருத்த முடியுமா?" என்பதுதான். பணம் இருந்தால் அநேகமாக எந்த வண்டியிலும் பொருத்தலாம். அதனாலேயே அந்தக் கேள்வி எந்த வண்டியையும் கழித்துக்கட்ட உதவுவதில்லை. கேட்க வேண்டியது வேறு: இரவு இரண்டு மணிக்கு அவர் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்த் திரும்புவது எப்படி? எதைப் பற்றிக்கொண்டு, யார் துணையோடு, எத்தனை முறை இடம் மாறி உட்கார்ந்து? இதற்குப் பதில் இல்லாத வண்டியின் வாசலில் எவ்வளவு விலையுயர்ந்த லிஃப்ட் இருந்தாலும், அதில் பகலில் உலாவலாம், தங்க முடியாது.

வண்டிக்குள் ஏறும் வசதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கட்டிலின் உயரத்தையும் கழிப்பறையின் இடத்தையும் பிறகு மாற்றுவதென்றால் உள்கட்டமைப்பையே பிரித்துப் போட வேண்டும். வண்டி தாங்கும் எடையைப் பிறகு கூட்டுவது அதைவிடக் கடினம். ஒப்பீட்டையும் அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். விற்பனைக் கூடத்தில் பெரும்பாலும் தலைகீழாகக் காட்டுவார்கள்: முதலில் வாசல், பிறகு சமையலறை, பிறகு மெத்தை. எடைக் கணக்கு கேட்டால்தான் வரும்.

யாருக்கான வண்டி

"நடமாட்டம் குறைந்தவர்" என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வகையினர் இருக்கிறார்கள். அவர்களுடைய தேவைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை.

முதல் வகையினர் நடப்பார்கள். ஆனால் படி ஏற முடியாது, நெடுநேரம் நிற்க முடியாது, சமநிலை தடுமாறும். மூட்டுத் தேய்மானம், பார்க்கின்சன் நோய், பக்கவாதத்துக்குப் பிந்தைய பலவீனம் உள்ள பலர் இதில் அடங்குவர். இரண்டாம் வகையினர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். கைவலுவால் தாங்களே நாற்காலியிலிருந்து கட்டிலுக்கோ இருக்கைக்கோ மாறி அமரக்கூடியவர்கள். மூன்றாம் வகையினரை வேறொருவரோ ஒரு தூக்கும் கருவியோதான் இடம் மாற்ற வேண்டும். இவர்களில் பலர் கனமான மின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர்கள்.

முதல் வகையினருக்குச் சக்கர நாற்காலிக்கென்று அகலமாக அமைத்த வண்டியை வாங்கித் தருவது நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. தடுமாறி நடப்பவருக்கு அகன்ற வெற்றிடம் ஆபத்தானது. இரு கைகளையும் நீட்டினால் இரு பக்கமும் ஏதாவது பிடிபட வேண்டும். சாதாரண மோட்டார்ஹோமின் 50, 60 சென்டிமீட்டர் நடைவழி அவருக்குக் குறையாகாது, துணைதான். ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் அலமாரியின் விளிம்பு; பிடித்துக்கொண்டே போய்விடலாம். அதே நடைவழியில் இரண்டாம் வகையினரின் நாற்காலி நுழையவே நுழையாது. சாதாரணக் கைச்சக்கர நாற்காலியே 60 முதல் 70 சென்டிமீட்டர் அகலம் இருக்கும்.

நோயின் போக்கையும் யோசித்துக்கொள்ள வேண்டும். இன்று நடப்பவர் சில ஆண்டுகளில் நாற்காலிக்கு மாறக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், "எல்லாக் காலத்துக்கும் ஒரே வண்டி" என்று தேடாதீர்கள். இன்றைய நிலைக்குப் பொருந்தும் வண்டியைப் பழையதாக வாங்கி, நிலை மாறும்போது விற்றுவிடுவதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

சரக்கு வேனை வீடாக்கிய கேம்பர் வேன்

ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ஃபோர்டு டிரான்சிட் போன்ற சரக்கு வேன்களின் உலோகக் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை அமைத்தவை இவை. ஒப்பீட்டில் இருக்கும் பெரிய விந்தை இங்கேதான்: இருப்பதில் ஒடுங்கிய வண்டிக்குத்தான் இருப்பதில் அகன்ற வாசல். டுகாட்டோவின் பக்கவாட்டுச் சறுக்குக் கதவு நடுத்தர, நீள வடிவங்களில் சுமார் 1.25 மீட்டர் திறக்கும். பின்கதவு அதைவிட அகலம். சரக்குத் தட்டுகளை ஏற்றுவதற்கென்று வைத்த திறப்பு சக்கர நாற்காலிக்குத் தாராளமாகப் போதும்.

முன்சக்கர இயக்கம் கொண்ட வேனில் அடியே செல்லும் இயக்கத்தண்டு கிடையாது. அதனால் தளம் தாழ்வாக இருக்கும்; டுகாட்டோவில் தரையிலிருந்து சுமார் 55 சென்டிமீட்டர். பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்பிரிண்டரில் இது 70 சென்டிமீட்டரை ஒட்டி வரும். 15 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கட்டடங்களுக்கான அமெரிக்க விதி கேட்கும் சாய்தளச் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. அதன்படி 55 சென்டிமீட்டர் ஏற 6.6 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். 70 சென்டிமீட்டருக்கு 8.4 மீட்டர். வண்டியின் நீளத்தைவிடச் சாய்தளத்தின் நீளம் அதிகம்! மடித்து வைக்கும் 2 மீட்டர் சாய்தளத்தை 55 சென்டிமீட்டருக்குப் போட்டால் சரிவு நாலுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாகும். காலி நாற்காலியைத் தள்ளி ஏற்றலாம், ஆளோடு ஏற்றுவது பின்னால் நிற்பவரின் இடுப்புக்கும் நாற்காலியில் இருப்பவரின் தலைக்கும் ஆபத்து. ஆகவே மோட்டார்ஹோமில் சாய்தளம் என்பது, தளத்தையே வெட்டித் தாழ்த்திய சிறு வண்டிகளைத் தவிர, பெரும்பாலும் படங்களில் மட்டும் அழகு. ஏர் சஸ்பென்ஷன் பொருத்தி வண்டியைச் சில சென்டிமீட்டர் மண்டியிட வைக்கலாம். அது முதல் வகையினருக்குக் கடைசிப் படியின் உயரத்தைக் குறைக்கும். நாற்காலிக்கு லிஃப்ட்தான் வழி.

உள்ளே போனதும் வேன் தன் ஒடுக்கத்தைக் காட்டிவிடும். டுகாட்டோவின் உள் அகலம் அதிகபட்சம் 1.87 மீட்டர். கட்டடங்களில் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்ட இடம் கேட்பார்கள். அதை வேனுக்குள் தந்துவிட்டால் வேறெதற்கும் இடம் மிஞ்சாது. எனவே இதில் நாற்காலி திரும்பாது; வந்த வழியே பின்னோக்கித்தான் போகும். தனிக் கழிப்பறை அறையையும் மறந்துவிட வேண்டும். வழக்கமான கேம்பர் வேனின் கழிப்பறை, கதவைச் சாத்தினால் முழங்கால் இடிக்கும் அளவு. அதில் நாற்காலி எப்படி நுழையும்?

நல்ல வேன் அமைப்பாளர் இங்கே அறை என்ற எண்ணத்தையே விட்டுவிடுகிறார். சுவர் கிடையாது. கட்டிலை ஒட்டி, அதே உயரத்தில், இழுப்பறைபோல வெளியே வரும் கழிப்பறை, சுற்றித் திரை, நடைவழியே ஈரம் தாங்கும் தளமாக, நடுவில் வடிகாலோடு. இரவில் கட்டிலிலிருந்து நகர்ந்தே கழிப்பறையில் அமர்ந்துவிடலாம். மறைவு குறைவு. தம்பதியாகப் பயணிப்பவர்களுக்கு இது பெரிய சங்கடமாக இராது. மகனும் தாயும், அல்லது ஊதியம் பெறும் உதவியாளரும் இருக்கும் பயணத்தில் சங்கடம்தான். இதை வாங்குவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. வாங்கிய பிறகு யாரும் பேச மாட்டார்கள்; பயணம் மட்டும் நின்றுபோகும்.

வேனில் இன்னொரு அபாயத்தை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. பெரும்பாலான அமைப்புகளில் சமையல் மேடை சறுக்குக் கதவை ஒட்டியே இருக்கும், பாதித் திறப்பை மறைத்துக்கொண்டு. அடுப்பில் தீப்பிடித்தால் அது வாசலுக்கும் உள்ளே இருப்பவருக்கும் நடுவில் எரியும். நடக்கக்கூடியவர் ஜன்னல் வழியே குதிக்கலாம், முன்கேபின் வழியே நழுவலாம். நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. அடுப்பை எதிர்ப்பக்கம் மாற்றச் சொல்லுங்கள், அல்லது லிஃப்டைப் பின்கதவில் வைத்து இரண்டு வெளியேறும் வழிகளை உறுதி செய்யுங்கள்.

சேசிஸ் மேல் பாடி கட்டிய மோட்டார்ஹோம்

ஓட்டுநர் கேபினையும் சேசிஸ் எனும் அடிச்சட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் தனிப் பெட்டியாகப் பாடி கட்டும் வகை இது. அகலம் சுமார் 2.3 மீட்டர், சுவர்கள் செங்குத்து. ஆனால் வீட்டுப்பகுதிக் கதவு பெரும்பாலும் 55, 60 சென்டிமீட்டர்தான். அகலமானது என்று விளம்பரப்படுத்தப்படுவதும் 70-ஐத் தாண்டுவது அரிது. பெரிய வண்டி, சின்ன வாசல். கதவை அகலப்படுத்த சுவரை வெட்ட வேண்டும். இந்தச் சுவர்கள் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுரைப்பலகை வைத்து ஒட்டியவை. வெட்டிய விளிம்பைச் சட்டமிட்டு வலுப்படுத்தி, நீர் புகாமல் அடைக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும். இல்லையென்றால் சில மழைக்காலங்களில் சுவர் உள்ளேயிருந்து உளுத்துப்போகும். உற்பத்தியாளரின் நீர்க்கசிவு உத்தரவாதம் என்னவாகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு இந்த வகையை நான் இரண்டாம் வகையினருக்கு முதலில் சொல்வதற்குக் காரணம், பின்பக்கம் முழுதும் குளியலறையாக அமைந்த உள்ளமைப்பு. வண்டியின் முழு அகலமும் குளியலறைக்குக் கிடைக்கும்போது, நாற்காலி நேராக உள்ளே போய்க் கழிப்பறைக்குப் பக்கத்தில் நிற்க முடியும். பக்கவாட்டில் நகர்ந்து மாறி அமர 80, 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்; அது இங்கே மட்டும்தான் இயல்பாகக் கிடைக்கிறது. கதவைச் சறுக்குக் கதவாக்கி, குளிக்கும் தட்டின் விளிம்பை அகற்றித் தளத்தோடு சமமாக்கினால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு பரவலான அமைப்பில் நடைவழியின் ஒரு பக்கம் கழிப்பறை, எதிர்ப்பக்கம் குளியல். இரண்டின் கதவுகளையும் திறந்து வைத்தால் குறுக்கே ஒரே அறையாகிவிடும். முதல் வகையினருக்கு இது மிகப் பொருத்தம். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தொலைவில் எல்லாம் இருக்கும். நாற்காலிக்காரர்களுக்குப் பொருந்துமா என்பது அங்குலக் கணக்கு. பட்டியலில் உள்ள அளவை நம்பாமல், நாற்காலியைக் கொண்டுபோய் உள்ளே நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

கைப்பிடிகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டுச் சுவரில் கைப்பிடி தாங்குவது செங்கலின் வலிமையால். மோட்டார்ஹோமின் உள்தகடு சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒட்டுப்பலகை. அதில் திருகாணியால் கைப்பிடி பொருத்தினால், உடல் எடை முழுதும் விழும் நாளில் கையோடு வந்துவிடும். சுவரின் சட்டத்தோடோ, பின்னால் ஒட்டி வைத்த வலுவூட்டும் தகட்டோடோ அது இணைய வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கைப்பிடியில் துண்டைத் தொங்கவிடலாம், உயிரைத் தொங்கவிடக் கூடாது.

கட்டில் விஷயத்தில் இந்த வகை ஏமாற்றக்கூடியது. பின்னால் பொருள் வைக்கும் பெரிய அறையை அடக்கிய வண்டிகளில் கட்டில் அதன் கூரைமேல், தரைத்தளத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் ஏறிவிடும். ஏற இரண்டு மூன்று படி. நடமாட்டம் குறைந்தவர்கள் ஓட்டும் மின் ஸ்கூட்டரையோ மின் நாற்காலியையோ ஏற்ற வசதி என்று இதைக் காட்டுவார்கள். ஸ்கூட்டருக்கு வாசல் கிடைத்தது, அதன் உரிமையாளருக்குக் கட்டில் எட்டவில்லை! கூரையிலிருந்து மின்விசையால் இறங்கும் கட்டில் நல்ல மாற்று. ஆனால் அது எவ்வளவு தாழ இறங்குகிறது என்று பாருங்கள். நாற்காலி இருக்கையின் உயரம் 45 முதல் 53 சென்டிமீட்டர். கட்டிலும் அதே அளவில் நிற்க வேண்டும். பல வண்டிகளில் கீழே உள்ள இருக்கைகளைத் தொட்டு அதற்கு மேலேயே நின்றுவிடும். இருபுறமும் நீண்ட இருக்கைகள் கொண்ட முன்கூடம், இருக்கையையே கட்டிலாக்கும் பழைய பாணி, அழகில் பின்தங்கியது. உயரத்தில் மிகச் சரியானது.

பெரிய வண்டிகளும் இழுவைக் கேரவன்களும்

ஓட்டுநர் கேபினும் வீட்டுப்பகுதியும் ஒரே உடலாகக் கட்டிய ஏ கிளாஸ் வண்டிகளில், குறிப்பாக அமெரிக்காவின் 2.6 மீட்டரை ஒட்டிய அகலம் கொண்டவற்றில், தொழிற்சாலையிலேயே சக்கர நாற்காலிக்கென்று அமைத்த மாதிரிகள் உண்டு. வின்னிபேகோ நிறுவனம் 'ஆக்சசபிலிட்டி என்ஹான்ஸ்டு' என்ற வரிசையில் அவற்றைத் தந்திருக்கிறது. நியூமார் நிறுவனத்தின் கேன்யன் ஸ்டாரிலும் அத்தகைய உள்ளமைப்பு உண்டு. லிஃப்ட், அகன்ற நடைவழி, நாற்காலியோடு நுழையும் குளியலறை எல்லாம் ஒரே உத்தரவாதத்தின் கீழ் வருவது பெரிய நிம்மதி. மூன்றாம் வகையினருக்கு, கட்டிலிலிருந்து குளியலறைவரை கூரைத் தண்டவாளத்தில் ஓடும் தூக்கும் கருவி அவசியம் என்றால், அதைத் தாங்கும் கூரையும் ஓடும் நீளமும் இந்த அளவு வண்டிகளில்தான் ஒழுங்காக அமையும். வின்னிபேகோ வேன் அளவிலும் ரோம் என்ற மாதிரியைத் தருகிறது; அது டுகாட்டோவின் அமெரிக்க உடன்பிறப்பான ரேம் புரோமாஸ்டர் மேல் கட்டியது.

பெரிய வண்டிகளின் அகலம் பெரும்பாலும் ஸ்லைடு அவுட் என்ற, நிறுத்தியபின் வெளியே தள்ளப்படும் சுவர்ப்பகுதியால் கிடைப்பது. கண்காட்சியில் அது எப்போதும் வெளியேதான் இருக்கும். உள்ளே இழுத்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அப்போது நடைவழி அடைபட்டு, நாற்காலி கழிப்பறைக்குப் போக முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் பத்து நிமிடம் நிறுத்தும்போது சுவரைத் தள்ள இடம் இருக்குமா? ஓடும் நாளில் கழிப்பறை எட்டாத மோட்டார்ஹோமை, நடமாட்டம் குறைந்தவருக்காக ஏன் வாங்க வேண்டும்? என் கணக்கில் இது ஒன்றே ஒரு மாதிரியைப் பட்டியலிலிருந்து நீக்கப் போதுமான காரணம்.

காரால் இழுக்கும் கேரவனை இந்தப் பேச்சில் பலர் தொடுவதே இல்லை. தொட வேண்டும். ஏற்கெனவே கையால் ஓட்டும் கட்டுப்பாடோ தாழ்த்திய தளமோ அமைத்த, பழகிய கார் இருந்தால், அதை மாற்ற வேண்டியதில்லை. முகாமில் கேரவனை விட்டுவிட்டு மருந்துக் கடைக்குக் காரில் போய்வரலாம். மோட்டார்ஹோமில் ஒவ்வொரு முறையும் வீட்டையே கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். குறை: காரோடு இணைப்பது, கேரவனின் தாங்குகால்களை இறக்குவது, மட்டம் பார்ப்பது எல்லாம் குனிந்து நிமிரும் வேலை; ஓடும்போது உள்ளே போக முடியாது. உடன்வருபவர் திடகாத்திரமானவர் என்றால் நல்ல தேர்வு. பின்சுவரே கீழே விழுந்து சாய்தளமாகும் டாய் ஹாலர் வகை, நாற்காலிக்காரர்களிடையே பேர் பெற்றது. உள்ளே அகன்ற வெற்றுத்தளம் கிடைக்கும். ஆனால் அந்தச் சாய்தளம் மோட்டார் சைக்கிள்களுக்கானது, செங்குத்தானது. வடத்தால் இழுக்கும் வின்ச் இல்லாமல் கைச்சக்கர நாற்காலியை அதில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், அவரையே உட்கார வைத்துத் தள்ளிப் பாருங்கள்.

எடை

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய எல்லை நெடுங்காலமாக 3,500 கிலோ. பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் அந்த எல்லைக்குள் அடங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒரு பாடி கட்டிய வண்டி புறப்படும் நிலையில் 3,000 கிலோ என்று ஆவணம் சொன்னால், மிச்சம் 500. அதில் லிஃப்ட் 100 முதல் 200 கிலோவரை எடுத்துக்கொள்ளும். மின் சக்கர நாற்காலி இன்னொரு 100 முதல் 200. நூறு லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அதுவே நூறு கிலோ. இரண்டாம் ஆள், துணிமணி, பாத்திரம், கூடுதல் பேட்டரி, வெளிநிழற்கூரை... கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது.

அந்த 3,000 என்ற எண்ணும் உறுதியானதல்ல. ஐரோப்பிய விதியில் அதற்கு ஐந்து விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் அனுமதி. அதாவது 150 கிலோ. ஒரு மின் நாற்காலியின் எடை. ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்தே எண்ணியிருப்பார்கள், வாங்குபவர் விரும்பிச் சேர்த்த கூடுதல் வசதிகளைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

எடை எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். முன்பின் அச்சுகளுக்கிடையே 4 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் 150 கிலோ ஸ்கூட்டரை வைத்தால், பின் அச்சில் ஏறுவது 150 அல்ல, 225. முன் அச்சிலிருந்து 75 கிலோ தூக்கப்படும். முன்சக்கர இயக்கம் கொண்ட வண்டிக்கு ஈரப் புல்வெளியில் பிடிப்பு போவது இப்படித்தான். பின்பக்க லிஃப்டுக்கும் இதே கணக்கு. பக்கவாட்டு லிஃப்ட், அச்சுகளுக்கிடையே அமைவதால், எடைக்கு நல்லது. நிறுத்துமிடத்துக்கு மோசம்: தளம் இறங்கி நாற்காலி நகர்ந்து விலக, பக்கத்தில் இரண்டரை மீட்டராவது வெற்றிடம் வேண்டும். சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுகிறோமோ அதற்கேற்ற பக்கத்தில் கதவு இல்லாவிட்டால், லிஃப்ட் போக்குவரத்துக்குள் இறங்கும்.

3,500-க்கு மேல் பதிவு செய்த வண்டியை வாங்கிவிடலாமே என்றால், அதற்குரிய சி1 உரிமம் 7,500 கிலோவரை செல்லும். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களிடம் அது பொதுவாக ஏற்கெனவே இருக்கும். ஆனால் 70 வயதில் அதைத் தக்கவைக்க மருத்துவச் சோதனை உண்டு. கனரக உரிமங்களுக்கான மருத்துவ அளவுகோல் கார் உரிமத்தைவிடக் கடுமையானது. கூடுதல் எடை யாருக்குத் தேவையோ அவருக்கே அந்த உரிமம் கிடைப்பது கடினம் என்பது இதிலுள்ள முரண். ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் ஏற்ற புதிய விதி, கூடுதல் பயிற்சியோ தேர்வோ முடித்தால் கார் உரிமத்திலேயே 4,250 கிலோவரை மோட்டார்ஹோம் ஓட்ட வழி வைக்கிறது. நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஓடும்போது எங்கே உட்காருவது

மாறி அமர முடிந்தவர் வண்டியின் இருக்கைக்கு மாறிவிடுவதே பாதுகாப்பு. சுழலும் முன் இருக்கை மோட்டார்ஹோம்களில் சாதாரணமாகவே இருப்பது. மின்விசையால் முன்பின்னும் மேல்கீழும் நகர்ந்து சுழலும் அடித்தளத்தைப் பொருத்தினால், உள்ளிருந்தபடியே ஓட்டுநர் இருக்கைக்கு மாறலாம். கேபினுக்கும் வீட்டுப்பகுதிக்கும் நடுவில் ஒரு படி இருந்தால் இந்தத் திட்டம் அங்கேயே முடிந்தது. முதலில் அதைப் பாருங்கள். ஏ கிளாஸ் வண்டிகள் பலவற்றில் கேபினுக்குத் தனிக்கதவே கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

நாற்காலியிலேயே அமர்ந்து பயணிப்பதென்றால், நாற்காலி ஐ.எஸ்.ஓ. 7176-19 தரத்தின்படி சோதிக்கப்பட்டதாகவும், கட்டும் பட்டைகள் ஐ.எஸ்.ஓ. 10542 தரத்துக்குட்பட்டவையாகவும் இருக்க வேண்டும். நான்கு முனைகளில் நாற்காலிக்குக் கட்டு, ஆளுக்குத் தனியாகத் தோளும் இடுப்பும் சேர்ந்த பெல்ட், முகம் முன்னோக்கி. பக்கவாட்டில் பார்த்து உட்கார வைக்கும் அமைப்பை ஏற்காதீர்கள். தளத்தில் கட்டு முனைகளைப் பொருத்துவது தச்சு வேலை அல்ல. அது சேசிஸோடு சேர்ந்து சோதிக்கப்பட்டு, பதிவு ஆவணத்தில் இருக்கையாக ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் தேடும்.

ஓட்டுபவரே நடமாட்டம் குறைந்தவர் என்றால் தானியங்கி கியர், கையால் இயக்கும் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும், ஸ்டியரிங் குமிழ். இவை காரில் எப்படியோ அப்படியே. அதிகம் சொல்ல இல்லை. கனமான வண்டியின் பிரேக்கைக் கையால் அழுத்தத் தேவைப்படும் விசையை மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மின்சாரமும் வெப்பமும்

முதுகுத்தண்டில், மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் திறன் குன்றியிருக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு வெப்பத்தில் அறிகுறிகள் கூடும். அவர்களுக்கு ஏசி ஆடம்பரம் அல்ல. ஆனால் கூரை ஏசி முகாமின் மின் இணைப்பில்தான் நிம்மதியாக ஓடும். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 1.28 கிலோவாட் மணி. ஏசிக்கு ஓரிரு மணி நேரம் போதும். அதே பேட்டரி, தூக்கத்தில் மூச்சுக்குத் துணைசெய்யும் சிபேப் கருவியை, ஈரப்பதமூட்டி இல்லாமல், சில இரவுகள்கூட ஓட்டும். மின் நாற்காலியின் இரு பேட்டரிகளும் முற்றிலும் தீர்ந்த நிலையில், அவற்றை முழுதாக ஏற்ற ஒன்றரைக் கிலோவாட் மணி அளவில் தேவைப்படலாம். மின் இணைப்பில்லாக் காட்டில் தங்கும் ஆசையை இந்த எண்களோடு வைத்து எண்ணிப் பாருங்கள்.

எதை வாங்குவது

நடக்க முடிந்து படி ஏற முடியாதவருக்கு: தாழ்ந்த தளமுள்ள, பாடி கட்டிய சாதாரண வண்டி, மின்விசைப் படி, வாசலின் இருபுறமும் வலுவான கைப்பிடி, தாழ்ந்த கட்டில். சக்கர நாற்காலி மாற்றமைப்புகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

தானே மாறி அமரும் நாற்காலிக்காரர், பெரும்பாலும் தம்பதியாகப் பயணிப்பவர் என்றால், சிறிய சாலைகளில் போக விரும்பினால் பின்சுவர்வரை திறந்த அமைப்புள்ள முன்சக்கர இயக்க வேன். ஓரிடத்தில் சில நாள் தங்குபவரானால் பின்குளியலறை கொண்ட பாடி கட்டிய வண்டி. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், இரண்டாவது. மறைவான குளியலறை, வயது ஏற ஏற மதிப்பு கூடும் வசதி.

தூக்கும் கருவி தேவைப்படுபவருக்குத் தொழிற்சாலையிலேயே அமைத்த பெரிய வண்டி, அதற்கு வழியில்லையென்றால் தளம் தாழ்த்திய காரும், நாற்காலி வசதி கொண்ட தங்கும் அறைகளும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அரைகுறையாக அமைத்த வேனில் ஒவ்வொரு இரவும் இரண்டு பேர் முதுகு நோக ஒருவரைத் தூக்குவதைவிட அது மேல்.

எதுவானாலும் முதலில் வாடகைக்கு எடுத்து, மின் இணைப்பு இல்லாத ஓரிடத்தில் ஓரிரவாவது தங்கிப் பாருங்கள். கழிப்பறையின் கழிவுப்பெட்டி நிறைந்தால் 17 முதல் 20 கிலோ. அதை யார் கழற்றி, தூக்கிச் சென்று கொட்டுவது என்பதும் அன்றே தெரிந்துவிடும். முடியாதென்றால் குழாய் வழியே கொட்டும் நிலையான தொட்டி உள்ள வண்டி வேண்டும்.

ஏற்கெனவே மாற்றமைத்த பழைய வண்டியை வாங்குவதானால், லிஃப்டின் சேவைப் பதிவையும், அது தூக்க அனுமதிக்கப்பட்ட எடையையும் கேளுங்கள். நாற்காலியும் ஆளும் சேர்த்தே அந்த எடைக்குள் வர வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, கைப்பம்பால் லிஃப்டை மேலும் கீழும் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பல விற்பனையாளர்களுக்குப் பம்பின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பிறகு தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, நாற்காலியையும் அதில் அமர்பவரையும் ஏற்றி, அருகிலுள்ள எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடைபோட்ட சீட்டைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.